மோவாய் மட்டும் உள்ள இருக்கா, தாடையே உள்ள இருக்கா? ஃபில்லர், இம்பிளான்ட், ஜெனியோபிளாஸ்டி, கிளிப், தாடை சர்ஜரி – எது யாருக்கு

சைடு போஸ் போட்டோல மோவாய் உள்ள வாங்கின மாதிரி தெரியுது, இல்லன்னா கீழ்த்தாடை முன்னாடி தள்ளிட்டு நிக்குதுன்னு யோசிக்க ஆரம்பிச்சவங்க நாலு டாக்டரைப் பாத்தா நாலு பதில் வரும். ஸ்கின் டாக்டர் ஃபில்லர் போட்டுக்கலாம்பாரு, பிளாஸ்டிக் சர்ஜன் ஒரு சின்ன இம்பிளான்ட் வெச்சா முடிஞ்சுதும்பாரு, கிளிப் போடற பல் டாக்டர் ரெண்டு பல்லை எடுத்துட்டு கிளிப்லயே சரி பண்ணிடலாம்பாரு, முகத்தாடை சர்ஜன் மேல்தாடை கீழ்த்தாடை ரெண்டையும் வெட்டி நகர்த்தணும்பாரு. யாரும் பொய் சொல்லல, அவங்கவங்க கையில இருக்கற வேலையைச் சொல்றாங்க. குழப்பம் எங்கன்னா, இந்த நாலும் ஒரே பிரச்சனைக்கான நாலு தீர்வு இல்ல. வேற வேற பிரச்சனைக்கானது, வெளில இருந்து பாத்தா மட்டும் ஒரே மாதிரி தெரியும்.

அதனால விலை கேக்கறதுக்கு முன்னாடி, ரெக்கவரி எத்தனை நாள்னு கேக்கறதுக்கும் முன்னாடி, எதை வெச்சு முடிவு எடுக்கணும்னு பாத்துருவோம்.

முதல்ல பாக்க வேண்டியது

பல் கடி தான் முதல் விஷயம், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம். எச்சில முழுங்கி, கடவாய்ப்பல்லை லேசா கடிச்சுப் பாருங்க. மேல் முன்பல்லு கீழ் முன்பல்லை விட நிறைய முன்னாடி நிக்குதா? அது கிளாஸ் டூ. கீழ்ப்பல்லு மேல்ப்பல்லுக்கு முன்னாடி போகுதா? கிளாஸ் த்ரீ. பின்பல்லு முட்டினாலும் முன்பல்லு சேராம நடுவுல நாக்கு நுழையற அளவு இடைவெளி இருந்தா ஓபன் பைட். இதுல ஒரு சிக்கல் என்னன்னா, தாடை சின்னதா இருக்கறவங்க நிறைய பேர் பழக்கத்துல தாடையை முன்னாடி தள்ளியே வெச்சிருப்பாங்க, போட்டோக்கு அப்படி, பேசறப்போ அப்படி, அவங்களுக்கே தெரியாது, அதனால வீட்டுல பாக்கறது ஒரு யூகத்துக்கு மட்டும் தான். சைடுல எடுக்கற தலை எக்ஸ்ரே, அதான் செஃபலோகிராம், அது எடுத்து அளந்து பாத்தா தான் மேல்தாடையா கீழ்த்தாடையா மோவாயான்னு தெரியும். கீழ்த்தாடை பெருசுன்னு நினைச்சு வர்ற கிளாஸ் த்ரீ ஆட்கள்ல நிறைய பேருக்கு உண்மையில மேல்தாடை தான் பின்னாடி இருக்கும், அவங்க கீழ்த்தாடையைக் குறைச்சா முகம் தட்டையாகி கழுத்துக்கு மேல கொழகொழன்னு ஆயிடும்.

ரெண்டாவது, உதடு. சும்மா இருக்கறப்போ உதடு தானா மூடுதா, இல்ல மூடணும்னா மோவாய்த் தசையை இறுக்கி அந்த இடம் குழி குழியா சுருங்குதா? சுருங்குதுன்னா முகம் நீளவாக்குல கூடியிருக்கலாம், இல்ல பல்லு வெளில தள்ளியிருக்கலாம், அப்போ மோவாய்க்கு முன்னாடி எதையாவது வெச்சா மட்டும் தீராது.

மூணாவது, தூக்கம். பலமா குறட்டை, ராத்திரி மூச்சு அடைக்கற மாதிரி முழிப்பு, பகல்ல தூக்கம் தூக்கமா வர்றது, இதெல்லாம் இருந்தா சைஸ் பிரச்சனையை விட காத்துப்பாதை பிரச்சனை பெருசு, ஸ்லீப் டெஸ்ட் எடுக்காம அழகு பத்தி பேசவே கூடாது.

அப்புறம் வயசு. எலும்பு வளர்ச்சி நிக்கணும், பெண்களுக்குத் தோராயமா 16 வயசுக்கு மேல, ஆண்களுக்கு 18க்கு மேல, கீழ்த்தாடை முன்னாடி வளர்றவங்களுக்கு இன்னும் லேட்டாகலாம், அதுக்கு தான் சில மாச இடைவெளில எக்ஸ்ரே எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு வளர்ச்சி நின்னுடுச்சான்னு பாக்கறாங்க. அதுக்கு முன்னாடி அவசரப்பட்டா மறுபடி வளர்ந்து எல்லாம் போயிடும்.

மிச்சம் இருக்கறது, பிடிக்கலன்னா திரும்ப எடுக்க முடியுமா, நரம்பு மரத்துப்போற ரிஸ்க் எவ்வளவு, எத்தனை மாசம் இழுக்கும், பின்னாடி என்னென்ன செலவு ஒளிஞ்சிருக்கு. இதை ஒவ்வொண்ணுலயும் பாத்துக்கிட்டே போலாம்.

ஃபில்லர்

ஹயலுரானிக் ஆசிட் ஜெல்லை ஊசில ஏத்தி மோவாயைக் கொஞ்சம் முன்னாடி காட்டறது. அரை மணி நேர வேலை, அன்னிக்கே வீட்டுக்குப் போகலாம், கடி மாறாது, எலும்பு மாறாது, ஒரு வருஷம் கூடக்குறைய நிக்கும், அப்புறம் கரைஞ்சிடும்.

இதோட பெரிய பிளஸ் பிடிக்கலன்னா ஹயலுரானிடேஸ்னு ஒரு என்சைம் ஊசி போட்டு கரைச்சிடலாம். அதனால ஜெனியோபிளாஸ்டி, அதாவது மோவாய் எலும்பை வெட்டி நகர்த்தற சர்ஜரி, பண்ணலாமா வேணாமான்னு ரெண்டு மனசா இருக்கறவங்க முதல்ல ஒரு தடவை இதைப் போட்டு கண்ணாடில பழகிப் பாக்கறது நியாயமான யோசனை தான். ஆனா ஃபில்லர்னு சொல்ற எல்லாமே கரையாது, கால்சியம் ஹைட்ராக்ஸி அபடைட் வகைக்கு அந்த என்சைம் வேலை செய்யாது, என்ன மருந்து போடறாங்கன்னு பெயரைக் கேட்டுக்கோங்க.

ரிஸ்க் கம்மின்னு சொல்றாங்க, அது பாதி தான் சரி. ஜெல் ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா தோல் வெளுத்து, பயங்கர வலி எடுத்து, அந்த இடமே செத்துப்போகலாம், ரொம்ப அரிதா பார்வை போனதும் உண்டு. அப்படி ஆனா அந்த நிமிஷமே கரைக்கற மருந்து கையில இருக்கணும், அதனால பார்லர்ல, வீட்டுல வந்து போடறவங்ககிட்ட இதைப் பண்ணிக்கவே கூடாது.

ஒளிஞ்சிருக்கற செலவு சிம்பிள், அது முடியறதே இல்ல. ஒரு தடவை விலை பாத்து மலிவுன்னு தோணும், அஞ்சாறு வருஷம் கூட்டிப் பாத்தா ஒரு சர்ஜரி காசு வந்து நிக்கும். அதோட ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு ஏத்திக்கிட்டே போனா மோவாய் முன்னாடி வராம அகலமா உப்பிப் போகும். குறை ரெண்டு மூணு மில்லிமீட்டர் தான், கடி சரியா இருக்கு, சர்ஜரி வேணாம்னு இருக்கறவங்களுக்கு இது போதும்.

இம்பிளான்ட்

மோவாய் எலும்பு மேல சிலிக்கான் இல்லன்னா துளை துளையா இருக்கற பாலிஎதிலீன் துண்டை வெக்கறது. மோவாய்க்குக் கீழ சின்னதா கீறியோ வாய்க்குள்ள இருந்தோ வெப்பாங்க, ஒரு மணி நேரம் சொச்சம் ஆகும், ஒரு வாரம் பத்து நாள்ல வெளில நடமாடலாம். இதுவும் கடியைத் தொடாது.

முன்னாடி தள்ளறதுக்கு நல்லா வேலை செய்யும், ஆனா மோவாய் நீளமா இருந்தா குறைக்க முடியாது, கோணலா இருந்தா ஓரளவுக்கு தான் மறைக்கும். இன்ஃபெக்‌ஷன் வந்தா பெரும்பாலும் எடுத்துட்டு தான் ஆகணும். இடம் நகரலாம். நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு, இம்பிளான்ட் அழுத்தற இடத்துல அடில இருக்கற எலும்பு வருஷக்கணக்குல மெதுவா கரையும், பெரும்பாலும் தொந்தரவு இல்லாம கொஞ்சத்தோட நின்னுடும், ஆனா இம்பிளான்ட் சரியான இடத்துல இல்லாம பல் வேருக்கிட்ட மேல உக்காந்திருந்தா அது தலைவலி.

எடுத்துடலாம் இல்லன்னு கேட்டா, சிலிக்கானை ஈஸியா எடுத்துடலாம், பாலிஎதிலீனுக்குள்ள சதை வளர்ந்து பின்னிக்கும், எடுக்கறது பெரிய வேலை. ரெண்டையுமே எடுத்தப்புறம் நீட்டிப் பழகின சதை தொங்கற மாதிரி இருக்கலாம், அதனால "திரும்ப எடுக்கலாம்"ங்கற பேச்சை அப்படியே நம்பிட வேணாம்.

யாருக்கு நல்லதுன்னா கடி சுத்தமா இருந்து, குறை நடுத்தரமா இருந்து, முன்பக்கம் மட்டும் வேணும்ங்கறவங்களுக்கு. மூக்கு சர்ஜரி பண்ற அன்னிக்கே சேத்து இதையும் வெக்கறது வழக்கம், ஏன்னா மோவாய் உள்ள இருந்தா மூக்கு இருக்கறதை விட பெருசா தெரியும். வயசானவங்களுக்கும் எலும்பை வெட்டறதை விட இது சுலபம்.

ஜெனியோபிளாஸ்டி

வாய்க்குள்ள கீழ் உதட்டுக்கு உள்பக்கமா கீறி, பல் வேருக்கும் நரம்பு வெளிய வர்ற ஓட்டைக்கும் கீழ மோவாய் எலும்பை குறுக்கால வெட்டி, மேஜை டிராயரை இழுக்கற மாதிரி முன்னாடி நகர்த்தி டைட்டானியம் பிளேட், ஸ்க்ரூ போட்டு நிறுத்திடறது. எனக்கு இந்த லிஸ்ட்லயே கம்மியா மதிக்கப்படற ஆப்ஷன் இது தான்னு தோணும். எலும்பு வெட்டறதுன்னு கேட்டதும் பயந்து இம்பிளான்ட் பக்கம் ஓடிடறாங்க, ஆனா இதுல நம்ம சொந்த எலும்பு, ஒட்டிக்கிட்டா ஒட்டிக்கிட்டது தான், பத்து வருஷம் கழிச்சு நகரும்ங்கற கவலை இல்ல.

இம்பிளான்டால முடியாததெல்லாம் இதுல முடியும். நடுவுல ஒரு துண்டு எலும்பை எடுத்துட்டா நீள மோவாய் குட்டையாகும், பக்கவாட்டுல நகர்த்தினா கோணல் நேராகும், துருத்திட்டு இருந்தா பின்னாடியும் தள்ளலாம். நாக்கோட அடித்தசையும் கழுத்து மேல்தசையும் அந்த எலும்போட உள்பக்கம் தான் ஒட்டியிருக்கு, எலும்பு முன்னாடி வந்தா அதுவும் சேந்து முன்னாடி வரும், அதனால தாடைக்குக் கீழ கழுத்து கோடு தெளிவா தெரியும், காத்துப்பாதைக்கும் கொஞ்சம் உதவி, ஆனா ஸ்லீப் ஆப்னியாவுக்கு, அதான் தூக்கத்துல மூச்சு அடைக்கற நோய்க்கு, இது மட்டும் வைத்தியம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கீழ் உதடும் மோவாயும் சில வாரம் சில மாசம் மரத்துக் கிடக்கும், பெரும்பாலானவங்களுக்கு சரியாயிடும், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமா தங்கிடும். ஒண்ணு ரெண்டு வாரம் மெதுவான சாப்பாடு, வீக்கம் முழுசா வடிய மாசக்கணக்கு. ரொம்ப தூரம் நகர்த்தினா உதட்டுக்குக் கீழ பள்ளம் ஆழமாகும், தாடையோரம் தொட்டுப் பாத்தா படி மாதிரி தட்டுப்படும். தசையை சரியா திரும்ப தைக்கலன்னா மோவாய் சதை இறங்கி கீழ்ப்பல்லு வெளில தெரிய ஆரம்பிக்கும், அதனால இதை எத்தனை பேருக்கு பண்ணியிருக்காங்கன்னு கேக்கறதுல தப்பே இல்ல.

கடி சரியா இருந்து மோவாய் மட்டும் குறைன்னா, அதுலயும் இளவயசுன்னா, இம்பிளான்டை விட இதைத்தான் நான் முன்னாடி வெப்பேன். கடி தப்பா இருக்கறப்போ மேல பூசி மறைக்க இதைப் பண்ணினா, மோவாய் முன்னாடி வந்துரும், உதடும் பல்லும் பின்னாடியே நிக்கும், சைடுல பாத்தா மோவாய் தனியா ஒட்ட வெச்ச மாதிரி தெரியும்.

கிளிப் மட்டும் போட்டு சமாளிக்கறது

கடி தப்பா இருக்கு, ஆனா சர்ஜரி வேணாம். அப்போ பல்லை மட்டும் நகர்த்தி கடியைப் பொருத்தி வெக்கறது, கேமஃப்ளாஜ்னு சொல்வாங்க. கிளாஸ் டூல மேல ரெண்டு முன் கடவாய்ப்பல்லை எடுத்துட்டு முன்பல்லை பின்னாடி இழுப்பாங்க. தாடை வித்தியாசம் லேசா இருந்து, முகத்தைப் பத்தி புகார் இல்லாம, பல்லு எத்திட்டு இருக்கறது மட்டும் தான் குறைன்னா இது அருமையான வழி, தேவையில்லாம சர்ஜரிக்குப் போக வேணாம்.

ஆனா இங்க தான் பெரிய பள்ளம் இருக்கு. கேமஃப்ளாஜும் சர்ஜரிக்கு முன்னாடி போடற கிளிப்பும் பல்லை எதிரெதிர் திசைல நகர்த்தும். கேமஃப்ளாஜ்ல தாடை வித்தியாசத்தை மறைக்கற மாதிரி பல்லை சாய்ப்பாங்க, சர்ஜரிக்கு ரெடி பண்றப்போ சாஞ்ச பல்லை நிமித்தி வித்தியாசத்தை முழுசா வெளில கொண்டு வருவாங்க. ரெண்டு வருஷம் கிளிப் போட்டு முடிச்சு, பல்லையும் எடுத்து, அப்புறம் முகம் பிடிக்கல சர்ஜரி பண்ணலாம்னு போனா, மூடின இடைவெளியைத் திரும்பத் திறந்து முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டி வரும். பல் வேரும் ஈறும் ரெண்டு தடவை அடி வாங்கும். அதனால சர்ஜரி வேணுமா வேணாமாங்கற முடிவு கிளிப் ஒட்டறதுக்கு முன்னாடி எடுக்கணும், பாதில இல்ல.

வளர்ற பசங்களுக்குக் கதை வேற, ட்வின் பிளாக் மாதிரி கழட்டி மாட்டற கருவி வளர்ச்சி வேகமா இருக்கற வயசுல நல்லா உதவும், அதுல கிடைக்கற மாற்றத்துல பல் பங்கு தான் அதிகம், தாடை பங்கு கொஞ்சம். பெரியவங்க நாக்கை மேலண்ணத்துல ஒட்டி வெச்சு தாடையை மாத்தறேன்னு வீடியோ பாத்து பண்றது, வளர்ச்சி முடிஞ்ச எலும்பை அது நகர்த்தாது, விட்டுடுங்க.

தாடை சர்ஜரி

ஆர்த்தோக்னாத்திக் சர்ஜரி. தாடையவே, பல்லோட சேத்து, வெட்டி நகர்த்தி கடியையும் முகத்தையும் ஒண்ணா சரி பண்றது. கீழ்த்தாடையை ரெண்டு பக்கமும் நீளவாக்குல பிளந்து நகர்த்தற முறையை ட்ரௌனரும் ஓப்வெகெஸரும் 1957ல எழுதினாங்க, இன்னிக்கும் சில மாற்றத்தோட அது தான் ஓடுது. மேல்தாடை வெட்டுக்கு லெ ஃபோர்ட் ஒண்ணுன்னு பேர், பிரெஞ்சு சர்ஜன் ரெனே லெ ஃபோர் 1901ல முகஎலும்பு எந்தக் கோட்டுல உடையுதுன்னு எழுதி வெச்சார், உடையற கோடு பின்னாடி வெட்டற கோடா மாறிடுச்சு. ரெண்டுமே பெரும்பாலும் வாய்க்குள்ள இருந்து தான், வெளில தழும்பு கிட்டத்தட்ட இருக்காது.

நாள் கணக்கு இப்படி: முன்னாடி கிளிப் 12ல இருந்து 18 மாசம், சர்ஜரி, அப்புறம் கிளிப் இன்னும் ஒரு ஆறு மாசம். மொத்தத்துல ரெண்டு வருஷம்னு வெச்சுக்கோங்க. கீழ்த்தாடைல ஞானப்பல் இருந்தா சர்ஜரிக்கு ஆறு மாசம் முன்னாடியே எடுக்க சொல்வாங்க. சில கேஸ்ல முதல்ல சர்ஜரி, அப்புறம் கிளிப்புனும் பண்றாங்க, எல்லா கடிக்கும் அது ஒத்துவராது. யாரும் முன்கூட்டி மனசுல ஏத்திக்காத விஷயம் என்னன்னா, சர்ஜரிக்கு முந்தின அந்த மாசங்கள்ல முகம் இன்னும் மோசமா தெரியும், ஏன்னா மறைச்சு வெச்சிருந்த சாய்வை எடுத்துட்டாங்க. கல்யாணம், இன்டர்வியூ எதாவது அந்த நடுவுல வருதான்னு பாத்துட்டு ஆரம்பிங்க.

முதல் ரெண்டு வாரம் கஷ்டம் தான், அதை மெழுகிச் சொல்றதுல பிரயோஜனம் இல்ல. முகம் அடையாளம் தெரியாத அளவுக்கு வீங்கும், மூக்கு அடைச்சு ரத்தம் கசியும், தண்ணி ஆகாரம் மட்டும், எடை குறையும், பல்லு மேல ரப்பர் பேண்ட் மாட்டி விட்டிருப்பாங்க. இப்போ பிளேட் போடறதால வாயைக் கம்பி வெச்சு கட்டறது குறைஞ்சிடுச்சு, கட்டியிருந்தா கம்பி வெட்டற கட்டர் ஒண்ணு எப்பவும் பக்கத்துல இருக்கணும். எலும்பு ஒட்ட ஆறு வாரம், அதுவரைக்கும் மெல்லவே கூடாது, கடிக்கற சாப்பாட்டுக்கு ரெண்டு மூணு மாசம். மூணாவது நாலாவது நாள் "எதுக்குடா பண்ணிக்கிட்டோம்"னு மனசு உடைஞ்சு போறது ரொம்ப சாதாரணம், வீட்டுல இருக்கறவங்களுக்கு இதை முன்னாடியே சொல்லி வெங்க. வீக்கத்தோட கடைசிப் பங்கு போக ஆறு மாசம் ஒரு வருஷம் ஆகும், ரெண்டாவது மாசத்து போட்டோ பாத்து தீர்ப்பு எழுதாதீங்க.

மரப்பு இங்க ஜெனியோபிளாஸ்டியை விட அதிகம், கீழ்த்தாடைக்குள்ள ஓடற நரம்பு வெட்டற இடத்துலயே போகுது. சர்ஜரி முடிஞ்சதும் கீழ் உதடு மோவாய் மரத்துப்போறது கிட்டத்தட்ட எதிர்பாக்க வேண்டியதே, மாசக்கணக்குல திரும்பும், வயசு ஏற ஏற முழுசா திரும்பற வாய்ப்பு குறையும். இது உணர்ச்சி நரம்பு, முகம் கோணிப்போறது இல்ல, அந்தப் பயம் வேற. மேல்தாடை முன்னாடியோ மேலயோ போனா மூக்கு நுனியும் அடிப்பாகமும் மாறும், கொஞ்சம் அகலமாகலாம், தையல் போட்டு கட்டுப்படுத்துவாங்க ஆனா மாறவே மாறாதுன்னு யாரும் வாக்கு குடுக்க முடியாது. கொஞ்சம் பழைய இடத்துக்கு நழுவறது, பிளேட் உறுத்தி பின்னாடி எடுக்கறது, அரிதா காதுக்கிட்ட இருக்கற தாடை மூட்டு எலும்பு கரைஞ்சு கடி மறுபடி திறக்கறது, இதெல்லாம் இருக்கு, கடைசியா சொன்னது சின்ன தாடை இருக்கற இளம் பெண்கள்ல தான் அதிகம் பாக்கறாங்க. தாடை மூட்டு வலிக்காக மட்டும் இந்த சர்ஜரிக்குப் போகாதீங்க, சிலருக்குக் குறையுது, சிலருக்கு அப்படியே இருக்கு, சிலருக்குக் கூடுது.

ஒளிஞ்ச செலவு: ஆஸ்பத்திரி சொல்ற தொகைல கிளிப், ஸ்கேன், ஞானப்பல், ஸ்பிளின்ட் (சர்ஜரில கடியைப் பொருத்தி வெக்கற பிளாஸ்டிக் தட்டு) எல்லாம் பல நேரம் சேராது, மூணு நாலு வார லீவு சம்பளம் சேரவே சேராது. இன்சூரன்ஸ்ல அழகுக்குன்னு எழுதினா கை விரிப்பாங்க, கடி, மெல்ல முடியாமை, மூச்சுன்னு அளவோட ரிப்போர்ட் இருந்தா பேச இடம் இருக்கு, அதனால ரிப்போர்ட்டை முதல் நாள்ல இருந்தே சேத்து வெங்க.

ஒரு தாடையா ரெண்டு தாடையான்னு கேட்டா, கம்மியா வெட்டறது நல்லதுன்னு தோணும், அது எப்பவும் சரியில்ல. ஈறு நிறைய தெரியற சிரிப்பு, நீள முகம், கோணல், ஓபன் பைட் இருந்தா மேல்தாடையைத் தொடாம கீழ மட்டும் நகர்த்தினா பாதிப் பிரச்சனை அப்படியே நிக்கும். கடுமையான ஸ்லீப் ஆப்னியாவுல ரெண்டு தாடையையும் சேத்து ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு முன்னாடி கொண்டு வர்றது, தூங்கறப்போ காத்தைத் தள்ளற மாஸ்க் மெஷினோட இருக்க முடியாதவங்களுக்கு நல்ல பலன் குடுக்கற வழி. அங்க அழகு ரெண்டாம்பட்சம்.

ஒரே பார்வையில

| | கடி மாறுமா | திரும்ப எடுக்கலாமா | மொத்த நேரம் | பின்னாடி வர்ற செலவு |
|---|---|---|---|---|
| ஃபில்லர் | இல்ல | ஹயலுரானிக்னா கரைக்கலாம் | ஒரு நாள் | வருஷா வருஷம் |
| இம்பிளான்ட் | இல்ல | முடியும், சதை தொங்கலாம் | ஒண்ணு ரெண்டு வாரம் | இன்ஃபெக்‌ஷன், மாத்தறது |
| ஜெனியோபிளாஸ்டி | இல்ல | மறுபடி வெட்டணும் | ரெண்டு வாரம், வீக்கம் மாசக்கணக்கு | கம்மி, பிளேட் எடுத்தா உண்டு |
| கிளிப் மட்டும் | ஆமா, பல் மட்டத்துல | எடுத்த பல் வராது | ஒன்றரை, ரெண்டு வருஷம் | ரீடெய்னர் (பல் திரும்ப நகராம பிடிச்சு வெக்கற கருவி), மனசு மாறினா எல்லாம் முதல்ல இருந்து |
| தாடை சர்ஜரி | ஆமா, எலும்பு மட்டத்துல | இல்லன்னே வெச்சுக்கோங்க | ரெண்டு வருஷம் | கிளிப், லீவு, ஸ்கேன், பிளேட் |

தாடை ஓரத்தை செதுக்கி முகத்தை ஒல்லியாக்கற வி லைன் சர்ஜரி பத்தியும் கேக்கறாங்க. அது இந்தப் பட்டியல்ல சேராது, அது நகர்த்தறது இல்ல, எலும்பைக் குறைக்கறது, குறைச்சது திரும்ப வராது, மேல இருக்கற சதைக்குத் தாங்கல் போயி தொங்கும். அகலத்துக்குக் காரணம் பல சமயம் மெல்லற தசை தான், பல்லை இறுக்கிக் கடிக்கற பழக்கம் இருக்கறவங்களுக்கு முக்கியமா. அப்போ தசையைத் தளர்த்தற போடாக்ஸ் ஊசில சில மாசம் பாத்துட்டு யோசிக்கலாம்.

முடிவு பண்ணப் போறப்போ

கடி தப்பா இருந்தா கிளிப் டாக்டரும் முகத்தாடை சர்ஜனும் ஒரே எக்ஸ்ரேவை வெச்சு ஒண்ணா உக்காந்து பிளான் போடணும். தனித்தனியா பாத்து தனித்தனியா சொல்ற இடத்துல ஆரம்பிக்காதீங்க. சர்ஜன்கிட்ட எத்தனை மில்லிமீட்டர், எந்தத் திசைல, எதுக்குன்னு கேளுங்க, நம்பர் வராம "நல்லா வந்துடும்"னு பதில் வந்தா வேற ஆளைப் பாருங்க. கம்ப்யூட்டர்ல காட்டற முகம் எலும்புக்கு ஓரளவு சரியா இருக்கும், உதடும் சதையும் எப்படி உக்காரும்ங்கறது தோராயம் தான், அந்தப் படத்தை போன்ல வெச்சுக்கிட்டு ஒப்பிட ஆரம்பிச்சா நிம்மதி போயிடும். சிகரெட் பிடிக்கறவங்க எலும்பு வெட்டற எந்த சர்ஜரிக்கும் சில வாரம் முன்னாடியும் பின்னாடியும் நிறுத்தியே ஆகணும், எலும்பு ஒட்டாம போறதும் புண்ணு ஆறாததும் அவங்களுக்கு தான் அதிகம்.

அளந்து பாத்து எல்லாம் இயல்பான அளவுல இருக்கு, ரெண்டு மூணு டாக்டர் ஒண்ணும் பண்ண வேணாம்னு சொல்லிட்டாங்க, ஆனாலும் நாள் பூரா கண்ணாடியும் செல்ஃபியுமா மோவாயவே பாத்துட்டு இருக்கீங்கன்னா, அடுத்து பாக்க வேண்டியது நாலாவது சர்ஜனை இல்ல, ஒரு மனநல டாக்டரை. செல்ஃபி லென்ஸ் கிட்டக்க இருந்து எடுக்கறப்போ மூக்கைப் பெருசாக்கி மோவாயை சின்னதாக்கி தான் காட்டும், ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு வேற ஒருத்தரை சைடுல எடுக்கச் சொல்லி அந்தப் போட்டோவை எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க.